சாட்சி நேரத்தில் நான் திறந்த வாய்

பிப்ரவரி 4, ஞாயிறு

லூஷியஸ், உனக்கு வாயில் ஒரு பூட்டு வேண்டும்.

இன்று சபையில் சாட்சி நேரம்; கர்த்தர் செய்த நன்மையை எழுந்து எல்லோருக்கும் சொல்லலாம். பக்கத்து வரிசைக்காரர் தன் பேரன் பல் டாக்டர் ஆனதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு எங்கே பொறுத்தது? எழுந்தேன். "என் மக டெனிட்ரா நம்ம ஊர் பஸ் துறைக்குத் தலைவி ஆயிட்டா! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்றேன். ஆர்கன் முழங்கியது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

விஷயம் என்னவென்றால், அவள் இன்னும் ஆகவில்லை. போன கோடையிலிருந்து 'பொறுப்பு'த் தலைவி, அவ்வளவுதான். கிடைப்பதற்கு முன்பே நன்றி சொல்வது எங்கள் சபை வழக்கம். கறுப்பினப் பெண் யாரும் அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்ததில்லை. அதனால் கொஞ்சம் சத்தமாகவே நன்றி சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 5

வாசலில் வாழ்த்து கேக்குகள். பின்னாலேயே டெனிட்ரா.

"அப்பா, ஆபீஸ்ல எல்லாரும் வந்து கை குடுக்கறாங்க. என்ன பண்ணி வச்ச?"

சொன்னேன்.

"நான் அந்த வேலைக்கு அப்ளை பண்ணவே இல்லப்பா!"

ஏனாம்? முன்னாடி அந்த நாற்காலி காலியானப்போ ரெண்டு தடவை விண்ணப்பம் போட்டாளாம். ரெண்டு தடவையும் இவள் வேலை கற்றுக்கொடுத்தவனையே இவளுக்கு மேலே உட்கார வைத்தார்களாம். "மறுபடியும் அசிங்கப்பட என்னால ஆகாது."

அழவில்லை. கேக்கை வெட்டி, எனக்குத் தராமல் தின்றாள்.

பிப்ரவரி 6

விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி. ஐயோ, என்ன செய்வேன்?

பிப்ரவரி 7

மிஸ் எர்லீனை வீட்டுக்குக் கூப்பிட்டேன், டெனிட்ராவையும்தான். குடிநீர் வாரியத்தையே நடத்தி ஓய்வு பெற்றவர். டெனிட்ரா வேலையில் சேர்ந்ததிலிருந்து அவளுக்குத் துணை நிற்பவர். திட்டு விழும் என்று நான் அடுக்களைக்குள் பதுங்கினேன். விழுந்தது — அவளுக்கு.

"வேலைய நீ பாப்ப, பேரை எவனுக்கோ விட்டுக்குடுப்பியா?"

"மறுபடியும் இல்லன்னுட்டா?"

"அதை அவங்க வாயால சொல்லட்டும். அந்த வேலையையும் நீயே செஞ்சு குடுக்காதடி!"

ராத்திரியே விண்ணப்பம் போய்விட்டது.

பிப்ரவரி 24, சனி

நேர்காணலுக்கு ஒத்திகை. நான்தான் தேர்வுக் குழு! மிஸ் எர்லீன் உத்தரவு: "அவ பேசறப்ப போனைப் பாரு. குறுக்க பேசு. அவ சொன்னதையே நீ கண்டுபிடிச்ச மாதிரி திருப்பிச் சொல்லு."

செய்தேன். முதலில் டெனிட்ரா தடுமாறினாள். அப்புறம் நிமிர்ந்து, "அதைத்தான் நான் இப்ப சொன்னேன், ஐயா. மிச்சத்தையும் சொல்லி முடிச்சுடறேன்" என்றாள். என் கையிலிருந்த போன் நழுவி விழுந்தது.

"லூஷியஸ், உனக்கு நடிப்பே தேவைப்படலியே!" என்றார் மிஸ் எர்லீன்.

கார் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க நட்டு முடுக்கியவனுக்குள் இப்படி ஒரு மேலதிகாரியா? கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மார்ச் 8

நேர்காணல் முடிந்தது. "அச்சு அசலா உன்ன மாதிரியே ஒருத்தர் இருந்தாருப்பா," என்று சிரித்தாள். சிரித்தாளே, அது போதும்.

மார்ச் 17, ஞாயிறு

சாட்சி நேரம் முழுக்க வாயில் மிட்டாய்.

ஏப்ரல் 23

பஸ் வரவேயில்லை. நிறுத்தத்தில் சிவப்புத் தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி கொதித்துக்கொண்டிருந்தாள். "புதுசா ஒருத்தி தலைவியா வந்திருக்காளே, அவளப் பாத்தா நறுக்குனு நாலு கேள்வி கேக்கணும்!"

அந்தக் குளிரிலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வருவா," என்றேன். "கேட்டுச் சொல்றேன்மா."