பச்சையா, கறுப்பா

ஜூலை 3, வியாழன்

விடியலிலிருந்து மழை. பாறசாலையிலிருந்து வரும் ரயில் இன்றும் தாமதம். தம்பானூரில் இறங்கிப் பழவங்காடியில் கடை வரை ஓட்டம். செருப்பு நனைந்து நாள் முழுக்கப் பிசுபிசுப்பு.

கடையில் புதுச் சரக்கு. இரண்டு மாடல் போன், இரண்டும் இருப்பதிலேயே விலை குறைந்த வரிசை. பெயர்கள் முழுக்க எண்ணும் எழுத்தும், யார் எழுதுவது. பெட்டி நிறத்தை வைத்து: பச்சை = ப., கறுப்பு = க.

ப. – முதுகு கண்ணாடி மாதிரி மினுக்கும். பெட்டி மேல் 5ஜி, 8 ஜிபி, பெரிய கேமரா.
க. – செங்கல். 4ஜி, 4 ஜிபி. யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை.

ப. விற்றால் கம்பெனி கடைக்கு ஏதோ கொடுக்கிறது, எனக்கும் அதில் துளி. க. விற்றால் ஒன்றுமில்லை. முதலாளி அண்ணாச்சி காலையிலேயே சொல்லிவிட்டார்:

"தமிழ் ஆளுங்க வந்தா நீயே பாரு ஷீபா. ஓட்டல்காரனோ, கெட்டிடப் பணிக்காரனோ, எஸ்டேட்டுக்காரியோ, யாரானாலும் பச்சையக் காட்டு. நம்ம பாஷையில சொன்னா நம்புவாங்க, கேட்டியா."

என்னை வேலைக்கு எடுத்ததே இதற்குத்தான். மூன்று வருடம் பி.காம். படித்தது நம்பவைக்க.

மாலை ஒரு அம்மா. பெயர் பாக்கியம். வித்துராவுக்கும் மேலே, கல்லாற்றுப் பக்கம். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவர், இப்போது பஞ்சாயத்தின் நூறு நாள் வேலை. முப்பத்தொரு பெண்களுக்கு மேட் இவர்தான், அதாவது வேலையை மேற்பார்த்து வருகை பதிகிறவர். தினம் காலையும் மதியமும் வேலை நடக்கும் இடத்தில் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். படம் ஏறினால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. பழைய போன் ஓடையில் விழுந்துவிட்டதாம்.

"காட்டுக்குள்ள வெச்சு எடுத்தா ஏறுமா மோளே?"

"ஏறும்மா."

எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னேன்.

கடை வழக்கம் ஒன்று: பெட்டி முத்திரையை வாங்குகிறவரே கிழிக்க வேண்டும். அண்ணாச்சி தட்டில் பிளேடை வைத்து நீட்டுவார். "உங்க கையால தொறங்க, ராசியா இருக்கும்." அனூப் படம் எடுப்பான். (ப. கம்பெனி தன் போனை விற்க எங்கள் கடையில் நிறுத்தியிருக்கும் ஆள்.) பாக்கியம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கோவிலில் விளக்கேற்றுவது மாதிரி ப. பெட்டியைக் கிழித்தார்.

ஜூலை 4, வெள்ளி

மழை விட்டது. டிபன் பையில் மீன் குழம்பு கொட்டி நாற்றம்.

உச்சிக்குக் கடை காலி. ஆட்களுக்குக் காட்ட வைத்திருக்கும் டெமோ ப.-வைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தேன். 8 ஜிபி எங்கே? 4 தான் இருக்கிறது.

"மற்றெ நாலு வெர்ச்சுவல் ஆணு சேச்சி," என்றான் அனூப்.

"அப்படின்னா?"

"உண்டு. பக்ஷே இல்ல." இருக்கிறது, ஆனால் இல்லை.

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியில் எழுதியிருக்கிறதாம். தேடினேன். அடியில், எறும்பு அளவில்.

தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் ஆப் இருபத்தாறு. கேம், கடை, கடன், ஜாதகம். அழிக்கப் பார்த்தேன். ஒன்பது போகமாட்டேன் என்கின்றன. பூட்டிய திரையிலும் விளம்பரம். க.-வில் இந்தக் குப்பை இல்லை. பெட்டியில் நாலு, உள்ளேயும் நாலு.

இன்று போனது: ப. ஆறு, க. பூஜ்யம். ஆறும் என் வாயால்.

ஜூலை 6, ஞாயிறு

பாக்கியம் வந்தார். நனைந்த குடை, போன் ஒரு பிளாஸ்டிக் கவரில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கேமரா தொறந்ததும் ஆப்பு மூடிக்கிடுது மோளே. திரும்ப முதல்லேருந்து வா-ங்குது. வெள்ளியும் சனியும் ஒரு படமும் ஏறல. முப்பத்தொண்ணு பேரும் ரெண்டு நாள் மழையில மண்ணு வெட்டியும் வரலன்னு ஆயிட்டு. பெண்ணுங்க என்னய உயிரோட பொரிக்கிறாளுவ. திங்களும் ஏறலேன்னா வேற மேட் பாக்குறோம்னு பஞ்சாயத்து மெம்பர் சொல்லியாச்சு."

மாற்றித் தரக் கேட்டார். க.-வைக் கைகாட்டினார். பணம் திருப்பிக் கேட்கவில்லை.

அண்ணாச்சி தன் போனை எடுத்து வியாழக்கிழமைப் படத்தைக் காட்டினார். பிளேடு, பெட்டி, சிரிப்பு.

"இதாரு? நீங்கதான? முத்திரை கிழிச்சாச்சு, திரும்ப எடுக்க முடியாதும்மா. உங்க சொந்தக் கை."

ராசி என்றது இதற்குத்தான். இரண்டு வருடமாக இந்தக் கடையில் நிற்கிறேன், அந்தப் படங்கள் எதற்கு என்று ஒரு நாள் யோசித்ததில்லை. முட்டாள். இல்லை, முட்டாள் இல்லை. தெரியாமல் இருப்பது வசதியாக இருந்தது.

பாக்கியம் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து: "நீ ஏறும்னு சொன்னல்லா."

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடிப் போய் வேலை நடக்கும் இடம் எங்கே என்று கேட்டு வாங்கினேன்.

கடை அடைக்கும்போது டெமோ க. என் பைக்குள். கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டார்.

ஜூலை 7, திங்கள்

அண்ணாச்சிக்கு மெசேஜ்: வயிற்றுவலி, லீவு. முதல் பஸ், நெடுமங்காடு வழி வித்துரா. அங்கிருந்து ஜீப். கல்லாற்றில் சுற்றுலா வந்த கூட்டம் பாறைமேல் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு எந்தப் போனும் போதும்.

வேலை நடப்பது ஓடைக்கரையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே. கல் அடுக்கிக் கரை கட்டுகிறார்கள். நான் போனபோது காலைப் படத்துக்கு நேரம் முடிய அரைமணிதான். பாக்கியத்தின் கையில் ப., முகத்தில் வியர்வை. சுற்றி முப்பத்தொரு வாய்.

"இதா வந்துட்டா, போன் வித்த மகாராணி!"

"காலுல என்னா ஷூ? அட்டை ஏறுனா விளக்கம் சொல்லி எறக்குவியா?"

அட்டை ஏறத்தான் செய்தது. ஒரு அக்கா உப்பு வைத்தாள். திட்டிக்கொண்டே வைத்தாள்.

அங்கேயே நின்று குறித்தது:

வெளிச்சம் – வெயிலில் ப. கண்ணாடி. என் மூஞ்சிதான் தெரிகிறது. க. மங்கல், ஆனால் படிக்க முடியும்.
ஈர விரல் – இரண்டும் மோசம்.
இடம் பிடிப்பது (எங்கே நிற்கிறோம் என்று ஆப் கேட்கும் ஜிபிஎஸ்) – மரத்தடியில் ப. சுற்றிக்கொண்டே இருந்தது. க. ஒரு பீடி பாதி எரியும் நேரம்.
5ஜி – இந்த மலையில் இல்லை. இல்லாததைத் தேடித் தேடியே ப.-வின் பேட்டரி பாதி. 4ஜி போதும் என்று செட்டிங்கில் மாற்றினேன், கொஞ்சம் அடங்கியது. இதை வியாழனே சொல்லியிருக்கலாம். எனக்கே தெரியாது.
கேமரா – ப. அருமை. பாக்கியத்தின் மூக்குத்திக் கல்கூடத் தெரிகிறது. க.-வில் எல்லோர் முகமும் பிசைந்த மாவு.
ஆனால்: ப.-வில் ஐந்து தடவை எடுத்தோம். ஐந்து தடவையும் கேமரா திறந்ததும் ஆப் செத்தது. அழிக்க முடிந்த ஆப்பெல்லாம் அழித்த பிறகும்.

சிம்மைக் கழற்றி, ராத்திரியே ஆப்பை ஏற்றி வைத்திருந்த டெமோ க.-வில் போட்டோம். இருபது நிமிடம் பாக்கி. இடம் பிடித்தது. கேமரா திறந்தது. ஆப் சாகவில்லை. சிக்னல் ஒரு கோடுதான், அந்தப் பாறை மேல் மட்டும். பாக்கியம் பாறையில் ஏறிப் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். எல்லோரும் வாயை மூடினார்கள். ஓடைச் சத்தம் மட்டும்.

ஏறியது.

ஒரு அக்கா: "மாவு மூஞ்சியானா என்னா, தலை முப்பத்தொண்ணும் இருக்கில்லா!"

மதியப் படமும் ஏறும் வரை நின்றேன். பால் விடாத கட்டஞ்சாயாவும் கப்பைக் கிழங்கும் கொடுத்தார்கள். மகாராணி என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

டெமோவைத் திரும்ப எடுத்துக்கொள் என்று பாக்கியம் நீட்டினார். எடுத்தால் நாளை எதில் எடுப்பார்? "உங்க கையிலயே இருக்கட்டும். இத நான் கொண்டு போறேன்" என்று ப.-வைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டேன்.

"உன்ன பணியில வெப்பானா?"

"தெரியலம்மா."

இந்தத் தடவை தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. ரயில் சரியான நேரத்துக்கு வந்தது, வராமல் இருந்திருக்கலாம்.

ப.-வைப் பெட்டியோடு அண்ணாச்சி மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"இதுக்குப் பேரு களவு."

"மாத்தினேன் அண்ணாச்சி. இது அவங்க காசு குடுத்து வாங்கினது. அதுக்கு உங்க டெமோ. விலையும் டெமோவுக்குக் கொறவுதான்."

"போலீசக் கூப்பிடட்டா?"

"கூப்பிடுங்க. அந்த பிளேடு படத்தையும் காட்டுவோம். எல்லாப் படத்தையும்."

அனூப் தலையைக் குனிந்து ஒரு பெட்டியைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த பெட்டி.

அண்ணாச்சி கூப்பிடவில்லை. மத்தியானம் கடை எதிரே சார்ட் பேப்பர் வாங்கினேன். மலையில் குறித்ததைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வாசல் கண்ணாடியில் ஒட்டினேன். ப. எதற்கு நல்லது, க. எதற்கு நல்லது. ப.-வைத் திட்டவில்லை. கேமரா அருமை என்றும் எழுதினேன். 8 என்பது 4 என்றும்.

ஆறு மணிக்குள் க. மூன்று போனது. இதுவரை மொத்தமே ஒன்றுதான் போயிருந்தது.

ஜூலை 9, புதன்

பெட்டிக்கடைக்காரன் சாயாவை ஆறவிட்டுத் தந்தான். சண்டை போட்டேன்.

"சேச்சி, ஈ பேப்பர் கம்பெனிக்காரன் கண்டா எனக்கு ஜோலி போகும்," என்றான் அனூப். கெஞ்சல்தான், மிரட்டல் இல்லை. அவனுக்கும் வீடு இருக்கிறது. நெற்றியில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு அண்ணாச்சி உள்ளே கூப்பிட்டார். குரல் தேன்.

"நீ நம்ம பிள்ள. ஒரு காரியம் செய்வோம். எஸ்டேட்டுக்காரி கையில இருக்கிற போன் அவளுக்கே. பில்லும் மாத்தித் தாரேன். களவுன்னு இனி நாக்குல வராது. நீ அந்தக் காயிதத்தக் கிழி."

யோசித்தேன். பில் இல்லாமல் பாக்கியம் கையில் இருப்பது கடைச் சாமான். எப்போது வேண்டுமானாலும் ஆள் விட்டுப் பிடுங்கலாம்.

"முதல்ல பில்லு."

பாக்கியம் பெயரில் பில் போட்டார். சீல் வைக்கச் சொன்னேன். வைத்தார். வாட்சப்பில் பாக்கியத்துக்கு அனுப்பிவிட்டு, நீல டிக் விழும் வரை காத்திருந்து, வெளியே போய்க் காகிதத்தைக் கிழித்தேன். அனூப் பெருமூச்சு விட்டான்.

ரயிலில் இடம் இல்லை. நின்றுகொண்டே பாறசாலை. தோற்றேனா என்று இரண்டு ஸ்டேஷன் யோசித்தேன். காகிதத்தைக் கிழிக்கத்தான் சொன்னார். ஒப்புக்கொண்டதும் காகிதத்தைக் கிழிக்கத்தான்.

ஜூலை 10, வியாழன்

வெயில். பத்து மணிக்கு பாக்கியத்தின் வாய்ஸ் மெசேஜ்: "இண்ணைக்கும் ஏறிட்டு மோளே. வேற மேட் வேணாம்னு மெம்பர் சொல்லிட்டாரு. பெண்ணுங்க உன்ன கேட்டாளுவ. அட்டை சுகமான்னு."

முதல் ஆள்: ஓட்டலில் பரோட்டா போடும் அண்ணன், தென்காசிப் பக்கம். அண்ணாச்சி இரண்டடி தள்ளி நிற்கிறார்.

"எதும்மா நல்லது?"

"எதுக்கு வேணும்ணே?"

"ஊருல பிள்ளைங்ககிட்ட வீடியோவுல பேச. பாட்டு. வேறென்ன."

"அப்ப கறுப்பு. பச்சையில எட்டுன்னு போட்டிருக்கும், உள்ள நாலுதான். உங்களுக்குப் போட்டோதான் முக்கியம்னா பச்சை எடுங்க, கேமரா நல்லாருக்கும். முத்திரை கிழிக்கிறதுக்கு முன்னால டெமோவுல ஒரு கால் பண்ணிப் பாருங்க. கிழிச்சா திரும்ப எடுக்க மாட்டாங்க."

கல்லா வரை கேட்கிற குரலில்தான் சொன்னேன். அடுத்த ஆளிடமும். அதற்கடுத்த மூன்று பேரிடமும். மலையாளத்தில் கேட்டவர்களுக்கு மலையாளத்தில்.

நாலு மணிக்கு அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு வரண்டாம் நீ."

"எழுதித் தாங்க."

"என்னது?"

"எதுக்கு நிறுத்துறீங்கன்னு. எட்டுன்னு எழுதினத நாலுன்னு சொன்னேன்னு எழுதி, சீல் வெச்சுத் தாங்க."

முகம் பார்க்க வேண்டும். பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், திரும்ப மூடினார். கடையில் ஏழு பேர், ஏழு பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டு. "போய் ஆள கவனி" என்றார்.

கவனித்தேன். க. இரண்டு, ப. ஒன்று. அந்த ப.-வை வாங்கியது கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் பையன். கேட்டுத் தெரிந்து எடுத்துப் போனான்.

எழுதித் தரச் சொன்ன தாள் இன்னும் கைக்கு வரவில்லை. வராத வரை எனக்கு வேலை இருக்கிறது. நாளை ஒன்பதரைக்கு ஷட்டர் தூக்கும் முன்னால் நான் அங்கே நிற்பேன்.