மடங்காத கை

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுறது. நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன். போன்ல பேசினா நாம ரெண்டு பேரும் மூணாவது நிமிஷமே மல்லுக்கு நிப்போம்னு அண்ணி சொன்னாங்க இல்லையா, அதான் பேப்பரும் பேனாவுமா உக்காந்துட்டேன். ஓரத்துல கிரீஸ் கறை இருக்கும், கண்டுக்காதே.

கை எப்படி இருக்கு? நான் கிளம்பிட்டேன்னு சோம்பேறித்தனம் பண்ணாதே. உன் சலூன் தரையில வழுக்கி விழுந்து முழங்கை சுக்குநூறாகி, இப்போ இரும்புல புது மூட்டு வெச்சாச்சு. சரி, ஆனா ஓடாத வண்டி இறுகத்தானே செய்யும்? என் ஒர்க்‌ஷாப்புக்கு எத்தனை வண்டி கீல் இறுகிப்போய் வருது, எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டித்தானே வழிக்குக் கொண்டுவர்றேன். தினம் காலையில நான் அமுக்கி மடக்கின மாதிரியே அண்ணியை மடக்கிவிடச் சொல்லு. அவங்க பாவம் பார்ப்பாங்க, நீ விடாதே. வாயில துண்டைக் கடிச்சுக்கிட்டு சத்தமே போடாம உக்காந்திருந்தியே, அசந்துட்டேன் போ.

ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்துட்டு, ஆபரேஷனுக்கு முந்தின நாள் உன் வாசல்ல வந்து நின்னப்போ, கதவைச் சாத்திடுவியோன்னு நினைச்சேன். நீ "சாப்பிட்டியா"ன்னு மட்டும் கேட்ட. எனக்கு அது போதும்.

பிரியமுள்ள
தம்பி

ஏப்ரல் 10

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இடது கையால எழுதுறேன், கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ. கை தேவலை.

சலூனை, பக்கத்து நாற்காலியில முடி வெட்டுறவர் பார்த்துக்கறார். வேலை கொஞ்சம், கதை அளக்கறது ஜாஸ்தி. வந்தவங்க தூங்கிடறாங்களாம், அதனால அவருக்கு வேலை சுலபமாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஒர்க்‌ஷாப்பே கதின்னு கிடக்காதே. கை எப்படி இருக்குன்னு அண்ணிக்குப் போன் போட்டுக் கேக்காதே, அவ ஒண்ணை ஒன்பதா சொல்லுவா. நீ வந்து இருந்த நாள்ல வீடு கலகலன்னு இருந்துச்சு.

அண்ணன்

மே 2

அண்ணா,

போன் பண்ணாதேன்னு நீ எழுதினதே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. பண்ணிட்டேன். அண்ணி அழுதுட்டாங்க.

புது மூட்டைச் சுத்தி, சதைக்குள்ள, எலும்பே இருக்கக் கூடாத இடத்துல எலும்பு முளைச்சிருக்காம். எக்ஸ்ரேல வெள்ளையாத் தெரியுதாம். கை பாதியில நின்னுபோச்சாம், மடங்கவும் மாட்டேங்குது, நீளவும் மாட்டேங்குதாம். கத்திரி பிடிக்கிற கையால ஒரு வாய் சோறு வாய்க்குக் கொண்டுபோக முடியலையாம். நீ என்னடான்னா எனக்குத் தேவலைன்னு எழுதுற.

நேத்து ஸ்கூட்டரை ரிப்பேருக்கு விட வந்த ஒரு அம்மா, ஆஸ்பத்திரியில கைகால் பயிற்சி கொடுக்கிறவங்க. சும்மா கேக்கற மாதிரிக் கேட்டேன். "ஆபரேஷன் பண்ண முழங்கையைப் போய் யாராவது பலவந்தமா மடக்குவாங்களா? உள்ள சதை கிழியும், அந்தப் புண்ணுல எலும்பு முளைச்சாலும் முளைக்கும்"னாங்க. ஸ்கூட்டரைத் தொடக் கை கூசுச்சு.

உன் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டேன் அண்ணா. கீலும் மனுஷன் கையும் ஒண்ணுன்னு நினைச்ச முட்டாள் நான். ஸ்பேனரை எடுத்தா, உன் முழங்கையில அன்னிக்குக் கேட்ட அந்த நறநறதான் காதுல கேக்குது. அப்போ நான் "பாரு, இளகுது"ன்னு சிரிச்சேனே. நீ என்னைத் திட்டி எழுது. திட்டாம இருந்தா என்னால தாங்க முடியாது.

தம்பி

மே 15

என் அருமைத் தம்பிக்கு,

திட்டு வாங்க வேண்டியவன் நான்.

ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்பற அன்னிக்கு நீ டீ வாங்கப் போயிருந்த, அண்ணி மருந்துக் கடையில நின்னா. டாக்டர் எங்கிட்ட தெளிவாத்தான் சொன்னார்: "நீங்களா முடிஞ்ச அளவுக்கு மடக்குங்க. வேற யாரும் அமுக்கக் கூடாது." எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சேதான் கையை நீட்டினேன்.

மறுநாள் காலையில நீ எண்ணெய்க் கிண்ணத்தோட வந்து எதிர்ல உக்காந்த. வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன். சலூன்ல நீ தொழில் கத்துக்கிட்டப்போ ஒருத்தருக்குக் கோணலா வெட்டினதுக்கு, அத்தனை பேர் முன்னாடி "உன் கை எதுக்குமே லாயக்கில்லை"ன்னு சொன்னேனே, அதான் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்குத்தானே நீ வெளியே போன. ஆறு வருஷம் கழிச்சு அந்தக் கையால எனக்கு நல்லது செய்ய வந்திருக்க. அதே வாயால "கையை எடு"ன்னு எப்படிச் சொல்வேன்? துண்டைக் கடிச்சுக்கிட்டேன்.

யாரும் தொடாட்டியும் சிலர் உடம்புல இப்படி முளைக்கிறது உண்டு, இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்றார். அது எப்படியோ போகட்டும். எக்ஸ்ரே பார்த்துட்டு வந்துதான் உனக்குத் தேவலைன்னு எழுதினேன். உனக்குத் தெரியாமலே போயிடும்னு நினைச்சேன். கடைசியில பழியை உன் தலையில விழ வெச்சிட்டேன். எனக்குத் தூக்கம் பிடிக்கல.

அந்த எலும்பை எடுக்க இன்னும் சில மாசம் கழிச்சு மறுபடி ஆபரேஷன். முழுசா மடங்கும்னு சொல்ல முடியாதாம். உன்னை வான்னு கூப்பிட எனக்கு முகமில்லை. வராதேன்னு எழுதவும் மனசு வரல.

உன் அண்ணன்

மே 24

அண்ணா,

உன் கடிதத்தைப் படிச்சதும் வந்த ஆத்திரத்துல கிழிக்கப் போனேன். என்னை என்னன்னு நினைச்ச? வலிக்குதுடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கோவிச்சுக்கிட்டு இன்னொரு ஆறு வருஷம் போயிருப்பேன்னா? இதுவரைக்கும் எழுதிட்டு நாலு நாள் அப்படியே வெச்சிருந்தேன். அப்புறம் யோசிச்சேன், அன்னிக்கு இருந்த ரோஷத்துக்குப் போனாலும் போயிருப்பேன். நானும் அப்படி ஒண்ணும் யோக்கியன் இல்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாளே வந்துடுவேன். இந்தத் தடவை டாக்டர் பேசும்போது டீ வாங்கப் போகமாட்டேன், அவர் பக்கத்துலயே நிப்பேன். கைக்கு அடியில தலகாணி வைக்கிறதோட என் வேலை முடிஞ்சுது. அண்ணிகிட்ட சொல்லி அந்தத் துண்டைத் தரை துடைக்கப் போடச் சொல்லு.

எனக்கு முடி காதை மூடிக்கிட்டுக் கிடக்கு. இங்க யார்கிட்டயும் தலையைக் கொடுக்கிறதா இல்லை. உன் கை பாதிதான் மடங்கினாலும் சரி, நான் நாற்காலியில குனிஞ்சு உக்காந்துக்கறேன். கோணலா வந்தா அப்பவே சொல்லிடுவேன். வலிச்சா நீயும் அப்பவே சொல்லிடணும்.

தம்பி