ஓடும் நாயின் இதயம்

வியாழக்கிழமை, இரவு

இன்று மில் தொழிலாளி மாரியப்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். போன வாரம் இருமலோடு வந்த அவருடைய ராஜபாளையம் நாயின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இதயம் வீங்கியிருக்கிறது, இனி ஓடவிடாதீர்கள் என்று சொன்னவள் நான்தான்.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அதே இனத்து நாய் ஒன்று, பைக் மோதிக் காலில் அடிபட்டு வந்தது. நோய் எதுவும் இல்லாத நாய். உள்ளே அடிபட்டிருக்கிறதா என்று எடுத்த அதன் நெஞ்சுப் படத்திலும் இதயம் அவ்வளவு பெரிதாக இருந்தது. அதே எடையுள்ள தெருநாயின் பழைய படத்தை எடுத்து ஒப்பிட்டேன். அதில் இதயம் சின்னது. உடம்புக்குத் தக்கபடிதான் இதயம் இருக்கும் என்று பொதுவாகப் படித்ததை, ஓடுவதற்கென்றே வளர்த்த இனத்துக்கும் அப்படியே பொருத்திவிட்டேன்.

உடனே மாரியப்பனை வரச்சொல்லி நாய்க்கு ஸ்கேன் எடுத்தேன். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. இருமல் தொண்டைப் புண்ணால் வந்தது.

"தப்பு என்னுதுதான். மன்னிச்சிருங்க. இந்தச் சாதி நாய்க்கு இதயமே அம்புட்டுப் பெருசு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஒரு வாரமா கட்டியே போட்டிருந்தேன் டாக்டரம்மா. செத்த நேரத்துக்கு ஒருக்கா மூச்சு வருதான்னு நெஞ்சுல கைய வச்சுப் பாத்தேன்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அவர் போன பிறகுதான் மகாராஜபுரத்து விவசாயி ஒருவர் நினைவுக்கு வந்தார். போன வருஷம் அவருடைய ராஜபாளையம் நாயின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அவருக்கும் இதையேதான் சொன்னேன். சீக்கு நாயை வைத்து என்ன செய்வது என்று அதை யாருக்கோ கொடுத்துவிட்டார். அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. சாயங்காலத்திலிருந்து மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை.