பிரேசில் டொக்டரும் ஒன்பதாவது வாக்கும்

என் அன்புப் பெரியண்ணா,

நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. முதல் வருடத்து ஆட்டைத் திவசத்துக்கு உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துப் படைத்தேன். இவ்வளவு நாளும் மனதுக்குள் உங்களோடு சண்டைதான் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சண்டை இல்லை. ஒரு மனிதரைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டு அறிந்ததைச் சொல்லவும் வேண்டும்.

உங்கள் பிரேசில் டொக்டரைப் பற்றித்தான்.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாதே. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்த என் மூத்த அண்ணன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒக்லாந்துக்கு வந்தார். அந்தப் படிப்புக்காகவே விசா கொடுத்தார்கள். வந்து இறங்கிய பிறகு, இங்கே வைத்தியம் பார்க்க வேறு சோதனை எழுத வேண்டும் என்றார்கள். இரண்டு முறை எழுதினார், சரிவரவில்லை. மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு டாக்சி ஓடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பொடியளைச் சேர்த்துப் பந்தடித்தார். அந்த அணிக்கு அவர்தான் கப்டன். ஜெர்சிகளைத் தோய்த்துக் காயவைத்தது நான்.

ஒருநாள் சோதனைப் புத்தகம் மேசையில் திறந்தபடி கிடக்க, நீங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து பழைய மட்ச் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பந்தடிச்சு ஆரும் டொக்டர் ஆனவையோ?" என்றேன்.

"ஒருத்தர் ஆனவர், பிள்ளை. பிரேசிலுக்குக் கப்டனும் அவர்தான்."

பகிடி விடுகிறீர்கள் என்று நினைத்துக் குசினிக்குள் போய்விட்டேன். அவர் யார் என்று அப்போதே கேட்டிருந்தால் என்ன?

அது போன வருடம் மாரி தொடங்கும் காலம். அடுத்த மாதம் ஒரு பின்னேரம், பயணி ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது உங்களுக்கு நெஞ்சு நொந்தது. காரை ஓரமாக நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, "மன்னிக்கவேணும், அம்புலன்சைக் கூப்பிடுங்கோ" என்று அந்த மனுசியிடம் சொன்னீர்களாம். அவ செத்தவீட்டுக்கு வந்து சொன்னா. அம்புலன்ஸ் வந்தது. நீங்கள் இருக்கவில்லை.

திவசம் முடிந்த கிழமை, என் மகள் அபி தன் பள்ளிக்கூடக் கொன்சர்ட்டைப் பதிய ஒரு வீடியோ கசெட் கேட்டாள். உங்கள் அறையிலிருந்து ஒன்றை எடுத்தேன். உங்கள் கையெழுத்தில் "டொக்டர்" என்று மட்டும் எழுதியிருந்தது. அழிக்க முதல் என்ன இருக்கிறது என்று பார்ப்போமே என்று போட்டேன். ஏதோ சத்திரசிகிச்சைப் பாடம் என்றுதான் நினைத்தேன்.

மஞ்சள் ஜெர்சியில் கமுகு மரம் போல ஒரு மனிதர் வந்தார். தாடி, சுருள் முடி. அந்த உயரத்துக்குப் பாதம் இரண்டும் சின்னப்பிள்ளையின் பாதம் போல இருக்கிறது. மற்றவர்கள் ஓடுகிறார்கள், இவர் நடக்கிறார். பந்து வந்ததும், திரும்பிக்கூடப் பார்க்காமல் குதிக்காலால் பின்னுக்குத் தட்டிவிடுகிறார். அது நேரே தன் ஆளின் காலடியில் போய் நிற்கிறது. பின்னால் ஆள் நிற்பது இவருக்கு எப்படித் தெரியும்?

அபியிடம் கேட்டேன். "ஹீ ஜஸ்ட் நோஸ், அம்மா" என்றாள். அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. சுற்றிச் சுற்றி மூன்று முறை பார்த்தேன். கசெட்டில் ஒரு குரல் அவர் கதையைச் சொன்னது. உண்மையிலேயே மருத்துவம் படித்தவர். படிப்பு முடியும்வரை பெரிய கழகங்களுக்குப் போகமாட்டேன் என்று நின்றவர். பிறகுதான் முழுநேரமாகப் பந்துக்குப் போயிருக்கிறார். டொக்டராக இருந்துகொண்டு சிகரெட்டும் பிடிக்கிறார், அண்ணா! அதை நீங்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள்?

மிச்சக் கதையைச் சொன்னது லூசியா. நான் வேலை செய்யும் பிளாக்ஹவுஸ் பே முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வந்திருக்கிறாள், பிரேசில்காரி. தேத்தண்ணி வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது, உயரமான தாடிக்கார டொக்டர் ஒருவர் உங்கள் நாட்டில் பந்தடித்தாரே, தெரியுமா என்று கேட்டேன். அவள் நடுவழியில் வண்டிலை நிறுத்திவிட்டாள். எங்கோ தூரத்தில் இருக்கும் சொந்தக்காரரைப் பற்றி நான் விசாரித்ததுபோல அவள் முகம் மாறியது.

அவருடைய தகப்பன் வறுமையில் பிறந்து, தானாகவே வாசித்து முன்னுக்கு வந்தவராம். வீடு நிறையப் புத்தகம். இராணுவம் நாட்டைப் பிடித்தபோது, பயத்தில் தன் புத்தகங்களைத் தானே எரித்தாராம். பத்து வயது மகன் பக்கத்தில் நின்று பார்த்தானாம். எங்கள் ஊர் நூலகத்தில் புத்தகங்களை எரித்தது வேறு கை. ஆனாலும் அந்த மணம் ஒன்றுதானே?

அந்த மகன் வளர்ந்து, தன் கழகத்தில் ஒரு காரியம் செய்தார். நாட்டுத் தலைவரைத் தெரிவுசெய்ய ஆருக்கும் வாக்கில்லாத காலம். கழகத்துக்குள் எல்லாவற்றுக்கும் வாக்கு வைத்தார்கள். எப்போது பயிற்சி, பஸ் எங்கே நிற்க வேண்டும், ஆரைப் புதிதாக எடுக்க வேண்டும், எல்லாமே வாக்குத்தான்.

"பெரிய ஆட்டக்காரருக்கும் ஒரு வாக்கு. உடுப்புத் தோய்க்கிறவருக்கும் ஒரு வாக்கு" என்றாள் லூசியா.

கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

நீங்கள் போவதற்கு முந்தின வருடம். எங்கள் அணிக்குக் கோல் காப்பதற்கு ஒழுங்கான ஆள் இல்லை. ஹென்டர்சனில் ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று வந்தீர்கள். பெயர் நிமல் என்றீர்கள். சிங்களப் பெயர். வீட்டு ஹோலில் இருந்த அத்தனை பேரும் கதையை நிறுத்திவிட்டார்கள்.

"வேற ஆளே இல்லையோ, அண்ணை?" என்று குகன் கேட்டான்.

"ஆள் இருக்கு. பந்து பிடிக்கிற ஆள்தான் இல்லை."

"அவங்கட ஆக்கள் எங்களுக்குச் செய்தது காணாதோ?"

"இவன் என்ன செய்தவன் எண்டு சொல்லு, கேப்பம்."

சத்தம் கூடியது. நீங்கள் வெறும் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தீர்கள். ஓம் அல்லது இல்லை என்று எழுதிப் போடச் சொன்னீர்கள். பிறகு குசினிப் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிட்டீர்கள். "தேவி, நீயும் வா. ஜெர்சி தோய்க்கிற ஆளுக்கும் ஒரு வாக்கு இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

கடதாசியைக் கையில் எடுத்ததும் சின்னண்ணாதான் கண்ணுக்குள் வந்தார். ஊரில் ஒருநாள் சைக்கிளில் ரவுணுக்குப் போனவர். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்து இறக்கினார்கள் என்று கண்டவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. அம்மா சாகும்வரை அவருக்கும் சேர்த்துத்தான் சோறு போட்டு வைத்தா.

நான் "இல்லை" என்று எழுதினேன்.

நீங்கள்தான் எண்ணினீர்கள். ஒரு கடதாசியை விரித்ததும் கொஞ்சம் நின்றீர்கள். பிறகு அதையும் மற்றவற்றோடு வைத்தீர்கள். எட்டுப் பேர் ஓம். ஒன்பது பேர் இல்லை.

"சரி, தோத்திட்டம்" என்றீர்கள். "வாக்கெண்டால் அதுதானே."

எனக்குத் தமிழ் எழுதப் பழக்கியதே நீங்கள். அது என் கையெழுத்து என்று உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒருநாளும் கேட்கவில்லை. அந்தக் கிழமையும் வழமைபோல "சோறு போடு, பிள்ளை" என்றுதான் வந்து இருந்தீர்கள்.

தோற்றபோது உங்கள் டொக்டர் என்ன செய்தார் என்று லூசியாவிடம் கேட்டேன். பெரிய கூட்டம் ஒன்றில், மக்களுக்கு அந்த வாக்குரிமை கிடைத்தால் இத்தாலிக்குப் போகமாட்டேன் என்று சொன்னாராம். அதற்கான சட்டம் பாராளுமன்றத்தில் தோற்றது. சொன்னபடியே போனார். அங்கே குளிரில் ஒரு வருடம் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தார். கசெட்டின் முடிவில், உலகக் கிண்ணத்தில் அவர் அடித்த பெனால்டி வருகிறது. மற்றவர்கள் தூரத்திலிருந்து ஓடிவந்து அடிப்பார்கள். இவர் பந்துக்குப் பக்கத்திலேயே நின்று அடிக்கிறார். கோல் காப்பவர் தடுத்துவிட்டார். பிரேசில் வெளியேறியது. ஏன் ஓடிவரவில்லை? துணிவா, களைப்பா, பிடிவாதமா? எத்தனை தரம் பின்னுக்குச் சுற்றிப் பார்த்தும் அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்தாராம். அந்தப் பெனால்டி வரும் இடத்தில்தான் நீங்கள் கசெட்டை நிறுத்திப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்களோ?

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாக்கில் தோற்ற பிறகும் நீங்கள் ஞாயிறு காலைகளில் தனியாக ஹென்டர்சனுக்குப் போய் வந்தது எனக்குத் தெரியும். அங்கே என்ன நடந்தது என்று கேட்க ஒரு ஆள்தான் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை ரயில் ஏறிப் போனேன். நிமல் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறார். உங்கள் செத்தவீட்டில் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றவர் அவர்தான் என்று கண்டதும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நான் அவரோடு கதைக்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் தமிழ், எனக்குக் கொஞ்சம் சிங்களம், மிச்சத்தை இங்கிலிஷ் பார்த்துக்கொண்டது.

"டொக்டர் அண்ணன் வந்து பெனால்டி அடிக்கிறது. நான் பிடிக்கிறது. ஓடி வராமல், நிண்டு நிண்டு அடிக்கிறது" என்றார். "அப்பிடி அடிச்சால் கோல் போகாது எண்டு நான் சொல்றது. அவர் சிரிக்கிறது."

"வாக்கில தோத்ததைப் பற்றி என்ன சொன்னவர்?"

கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். "ஒரு வாக்கில தோத்தது எண்டு சொன்னார். அப்பிடிப் போடுறதுக்கு உரிமை உள்ள ஆள் ஒண்டு போட்டது, கோவிக்க வேண்டாம் எண்டும் சொன்னார்."

"அது நான்தான்" என்றேன்.

அவர் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். மாத்தறையில் அவருடைய அண்ணனை, கம்பஸில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை, விடியமுதல் வெள்ளாப்பில் ஆமிக்காரர் வீட்டுக்கு வந்து ஜீப்பில் கொண்டுபோனார்களாம். தெற்கில் சிங்களப் பொடியள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளர்ந்த எண்பத்தொன்பதில். திரும்பி வரவில்லை. இன்னும் தேடுகிறார்கள்.

"பெரியண்ணாவுக்கு இது தெரியுமோ?"

"தெரியும். வோட்டுக்கு முதல் நான்தான் கேட்டது, மற்ற ஆக்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு. பாவம் பார்த்து எடுக்க வேண்டாம். பந்து பிடிச்சால் எடுக்கட்டும்."

அண்ணா, நிமலின் அண்ணனைப் பற்றி அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் நீங்கள் வென்றிருப்பீர்கள். அது நம் ஹோலில் அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கியிருக்கும். எனக்கு முதலில் விளங்கியிருக்கும். நீங்கள் சொல்லவில்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் எண்ணிக்கொண்டு இருந்தீர்கள். ஒருவருக்குக் கொடுத்த சொல் உங்களுக்கு அவ்வளவு பெரிதா? என் மேல் கோபமே வரவில்லையா? இதை அந்தக் கசெட்டிலும் தேடினேன். அதில் இல்லை.

இனி இந்த வருடத்துச் செய்தி. நிமலிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, குகனிடம் போய் மறுபடி வாக்கு வைக்கச் சொன்னேன். இப்போது அவன்தான் கப்டன். "அக்கா, முடிஞ்ச கதையை ஏன் கிளறுறீங்கள்?" என்றான். "போன முறை நான் இல்லை எண்டு போட்டனான்" என்றேன். நான் ஓம் என்றுதான் போட்டிருப்பேன் என்று எல்லாரும் நினைத்திருந்தார்களாம். கப்டனின் தங்கச்சி அல்லவா.

அந்த ஞாயிறு எல்லார் முன்னாலும் சின்னண்ணாவைப் பற்றிக் கதைத்தேன். நான் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. நிமலின் அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. எனக்கு மனம் மாறிவிட்டது, காரணத்தைக் கேட்காதீர்கள் என்றேன். இந்த முறை பத்துப் பேர் ஓம், ஏழு பேர் இல்லை. உங்கள் இடத்தில் சேர்ந்த புதுப் பொடியனும் வாக்களித்தான். அவன் எந்தப் பக்கம் என்று தெரியாது. இல்லை என்று போட்ட இரண்டு பேர் அணியை விட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக்கும் போனேன். கதவைத் திறந்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள், திரும்பி வரவில்லை.

நிமல் தன் கதையை அணிக்காரருக்குத் தானாகவே சொன்னது இரண்டு மாதத்துக்குப் பிறகு, ஒரு மட்ச் முடிந்து காருக்குப் பக்கத்தில் நிற்கும்போது. இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார்.

அவருடைய முதல் மட்ச்சில் நாங்கள் நாலு கோல் வாங்கினோம். அதில் ஒன்று அவர் காலுக்கிடையால் போனது. குகன் மைதானத்தின் நடுவில் நின்று, "டேய் நிமல், கண்ணை வீட்டில வைச்சிட்டோ வந்தனீ?" என்று கத்தினான். நிமல் சிங்களத்தில் ஏதோ திருப்பிக் கத்தினார். என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கியது, இங்கே எழுத முடியாது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே திரும்ப ஓடினார்கள். மழைத் தூறலில் கோட்டுக்கு வெளியே நின்று நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

இனியும் எனக்கு ஒரு வாக்கு உண்டு, அண்ணா. இனியும் "இல்லை" என்று எழுத வேண்டிய நாள் வரலாம். வந்தால் எழுதுவேன். ஆனால் அதற்கு முதல் அந்த ஆளிடம் போய், பக்கத்தில் இருந்து, உன் கதை என்ன என்று கேட்பேன். இது நான் உங்களுக்குத் தரும் சொல்.

நீங்கள் எழுதப் பழக்கிய கையோடு,
உங்கள் தங்கச்சி
தேவி
மவுண்ட் ரோஸ்கில்