வலம் வருக

06.06.2005
ஐங்கரன் தாள் போற்றி. எழுதும் கையும் எண்ணும் நெஞ்சும் பிழையாதிருக்க.

கட்டுகஸ்தோட்டையில் மிதிவெடி அகற்றப் பழக்கும் ஹாஷிம் தம்பி வந்திருந்தார். வெடி தேடும் கருவியின் தலையில் ஒரு வெள்ளைப் பந்து இருக்குமாம். அது அசையும் வழியைக் கமரா பின்தொடர்ந்து திரையில் கோடாக வரையும். தேடாமல் விட்ட நிலம் சிவப்பாகும். பழகுபவர் விலகினால் காதில் ஒரு குரல் திருத்தும். அக்குரலுக்குத் தமிழ் வேண்டும், தமிழாசிரியனான என் வாயாலேயே.

மகள் பாலாம்பிகை அங்கேதான் பழகுகிறாள். தேறினால் மெய்வெடி அகற்ற வன்னிக்குப் போவாள். எனக்குச் சம்மதமில்லை. ஆயினும் அவள் காதில் பிழைத்தமிழ் விழ விடுவதா?

08.06
"வலப்புறமாகச் சற்றே எழுந்தருள்க" என்று பதிவு செய்தேன். ஹாஷிம் தலையைச் சொறிந்தார். "மாஸ்டர், இத கேட்டு முடியிறதுக்குள்ள ஆள் மேல போயிரும்."

சுருக்கினேன்: "வலம் வருக."

10.06
ஐயோ.

11.06
நேற்று நடந்ததை இன்றுதான் எழுதுகிறேன். தேர்வில் மகள் இடப்பக்கம் விலகினாள். என் குரல் "வலம் வருக" என்றது. அவளோ புதைத்திருந்த போலி வெடியைப் பணிவோடு சுற்றி வலம் வந்தாள். அவளோடு பழகும் லெட்சுமணனும் அடுத்து வந்து சுற்றினார், சப்பாத்தைக் கழற்றிவிட்டு. திரையில் அழகிய வட்டம், நடுவெல்லாம் சிவப்பு.

ஏன் சுற்றினாய் என்றேன்.

"நீங்கள் வலம் வா எண்டால் எனக்கு வேற என்ன விளங்கும், அப்பா? சின்னனிலையிருந்து கோயில் சுத்த வைச்சது ஆர்?"

செவ்வாய்க்கிழமை மறுதேர்வு. சொல்லை மாற்றித் தரும்படி ஹாஷிம் கேட்டார்.

12.06
மாற்றாவிட்டால் என்ன? பிள்ளை வீட்டில் இருப்பாள். இலக்கணப்படி பிழையுமில்லை — சிவசிவா, என்ன நினைப்பு இது. அந்தச் சொல் லெட்சுமணன் காதிலும் விழும். இங்கே சுத்திப் பழகின கால் வன்னியிலும் சுத்தினால்?

13.06
"சோத்துக்கைப் பக்கம்" என்று மாற்றினேன். மறுபக்கத்துக்கு "இடம் செல்க" என்றேன். "எந்த இடத்துக்குங்க?" என்றார் லெட்சுமணன். எஞ்சியது ஒரே சொல். திருமுறை ஓதும் வாயால், "பீச்சாங்கைப் பக்கம்" என்று உரக்கவும் தெளிவாகவும் சொன்னேன். பிறகு வாய் கொப்பளித்தேன்.

14.06
தேறினாள். திரையில் ஒரு பொட்டுச் சிவப்பில்லை. என் குரலுக்கு எல்லோரும் சிரித்தார்களாம்; ஒருவரும் சுற்றவில்லையாம்.

20.06
காலையில் வவுனியா பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வாழ்த்துப்பா ஒன்று இயற்றி வைத்திருந்தேன். "போட்டு வாறன், அப்பா" என்றாள். பா வரவில்லை. "பாத்து நட, பிள்ளை" என்றேன்.

இதை வாசிப்போரும் அவர்தம் மனையாரும் நீடு வாழ்க. அவ்வீட்டுப் படலை தாண்டிப் போனவர் அனைவரும் இரு காலாலும் நடந்து வந்து சேர்க.