மண்டப அட்வான்ஸ் அனந்தபுரம் போன கதை

ஏப்ரல் 15, புதன். விழுப்புரம்.
கல்யாண மண்டபம் கிடைத்துவிட்டது. திண்டிவனத்தில், மாதா கோயிலுக்குப் பக்கத்திலேயே. மே மாதம் எங்கள் தேதிக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மேனேஜர் அரங்கநாதன் பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து அனுப்பினார். ஜவுளிக்கடையில் பில் போடுகிற இடைவெளியிலேயே அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரத்தை அனுப்பிவிட்டேன். அருண் போனில் கொஞ்சிக்கொண்டே இருந்தார். "பவுலின் அருண்னு கையெழுத்துப் போட்டுப் பாத்தியா?" என்றார். பார்த்தேன். பில் புக்கின் பின்பக்கம் முழுக்க அதுதான்.

ஏப்ரல் 16, வியாழன்.
"பணம் வரலியேம்மா. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் வச்சிருப்பேன். வேற பார்ட்டி காத்துக்கினு இருக்காங்க" என்கிறார் அரங்கநாதன்.

பேங்குக்கு ஓடினேன். சங்கவி மேடம் பாஸ்புக் போட்டோவையும் என் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கணக்கு நம்பரின் நடுவில் 64 இருக்க வேண்டிய இடத்தில் 46.

"பேரு சரியாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா பணம் நம்பரைப் பாத்துத்தான் போவும். ரெண்டாவது வாட்டி அடிக்கச் சொல்லுமே, அப்ப தெரியலியா?"

எங்கே தெரியும்? நான்தான் இரண்டாவது தடவை அடிக்கவே இல்லையே. மேலே அடித்ததைக் காப்பி பண்ணிக் கீழே ஒட்டினேன். திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

புகார் எழுதிக் கொடுத்தேன். பணம் போன ஆள் சம்மதித்தால்தான் திரும்புமாம்.

ஏப்ரல் 17, வெள்ளி.
சம்மதிக்கவில்லை. பக்கத்து அனந்தபுரத்தில் மல்லாட்டைக் கடலை வியாபாரம் பண்ணுகிற அம்மாவாம். தப்பா அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புன்னு சொல்றவன் எல்லாம் ஃபிராடு என்று பேங்கிலிருந்து பேசினவரையே திட்டி வைத்துவிட்டாராம். புத்திசாலி. நானாயிருந்தால் உடனே அனுப்பியிருப்பேன் — அதுவும் தப்பான நம்பருக்கு. அழ உட்கார்ந்தவள் சிரித்துவிட்டேன்.

காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் என்று எங்கம்மா அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். அவருக்கு ஐஎஃப்எஸ்சி கோடு தெரியுமாம்மா என்று கேட்டேன். "வாய மூட்றி. அவருக்கு எல்லாம் தெரியும்."

மண்டபம் போச்சுன்னா? கோயில்ல ஊரறிய எங்க கல்யாண ஓலை ரெண்டு ஞாயிறு வாசிச்சாச்சு. ஐயோ, நெனைக்கவே முடியல.

ஏப்ரல் 18, சனி.
காலையிலேயே சங்கவி மேடம் போன். அந்த அம்மா தன் ஊர் பேங்குக்கு நேரில் வந்து, என் புகாரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டார். கல்யாணப் பொண்ணோடு பேசணுமாம், நம்பர் தரட்டுமா என்றார். தாராளமா.

பேர் சின்னபொண்ணு. "எம் புள்ள அனுப்பினதுன்னு நெனச்சிக்கினேன் கண்ணு. மெட்ராஸ்ல இருக்கான். கோச்சிக்கினு போனவன், பேச்சே இல்ல. நீ அனுப்பினியான்னு கேக்க போன் போட்டேன். இல்லன்னான். ஆனா வைக்கல. பேசிக்கினே இருந்தான்."

"கல்யாணத்துக்கு நீங்க கட்டாயம் வரணும்மா" என்றேன்.

மத்தியானமே பணம் வந்தது. அருணிடம் போனை வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கட்டத்திலும் கையாலேயே அடித்து, முதலில் ஒரே ஒரு ரூபாய் அனுப்பினேன். "ஒரு ரூபா வந்திருக்கும்மா" என்றார் அரங்கநாதன் குழப்பத்தோடு. அவருக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. மிச்சத்தையும் அனுப்பினேன்.

மே 2, சனி.
பத்திரிகை அச்சாகி வந்தது. சின்னபொண்ணு அம்மாவிடம் விலாசம் கேட்டேன். கவரில் இன்னொரு பேரும் எழுதச் சொன்னார்.

"பச்சைமுத்துன்னு போடு கண்ணு. மெட்ராஸ்லேருந்து வந்து அவன்தான் என்னை வண்டியில இட்டுக்கினு வரேன்னிருக்கான்."