பதினேழாவது கப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

1974 ஜூன் 9, ஞாயிறு. காலை ஆறு மணி பத்து நிமிஷம். பள்ளிக்கூட வாசலில் பதினேழு பேர்.

ஹவில்தாருக்கு ரிப்போர்ட் இப்படித்தான் இருக்கணும். முதலில் எண்ணிக்கை, அப்புறம்தான் கதை. உங்களை விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஊர் வேலைக்கு நாங்கள் மொத்தமே பதினாறு பேர்தானே, இன்னொன்று எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? பொறுங்க, வரேன்.

சித்திரையில் நீங்க போனபோது அந்தப் பள்ளிக்கூடக் கூரை பாதி பிரித்தபடி நின்றது. காரியம் முடியட்டும் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள், அப்படியே விட்டுப்போச்சு. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறாங்க. வானத்தைப் பார்த்துக்கிட்டா பிள்ளைங்க வாய்ப்பாடு சொல்லும்? ஜூனுக்குள் ஓடு மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்தது நீங்க. மாட்டிக்கொண்டது நான்.

ஒரு நோட்டீஸ் எழுதினேன். பெயர், நேரம், யாருக்கு என்ன வேலை, எல்லாம் கட்டம் போட்டு. காதர் பாய் டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். போன ஞாயிறு ஆறு மணிக்கு வந்தது நான் ஒருத்தன். ஏழு மணிக்குப் பாய் வந்தார், அதுவும் டீ கொடுக்க.

“எங்க தம்பி, ஒருத்தரையும் காணோம்?”

“தெளிவா எழுதி ஒட்டியிருக்கேன் பாய். படிக்கத் தெரியாதா இவங்களுக்கு?”

“நோட்டீஸ் பார்த்து வர இது என்ன சர்க்கஸா? கப்பு எங்க? என் கப்பே வூட்டுக்கு வரலியே!”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பீங்கான் சூளையில் கோணிப்போன கப்புகளைக் கேட்டு வாங்கி, அடியில் ஒவ்வொருத்தர் பெயரும் எழுதிச் சுட வைத்தீர்களே. ஞாயிறு வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பீர்கள்; சனிக்கிழமை சாயங்காலம் சாக்கில் கட்டி, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. டீ குடித்துவிட்டு, கிளம்பும்போது “காலையில ஆறு மணி” என்று மட்டும். கப்பு வந்த வீட்டில் யாரும் படுத்துக் கிடக்க முடியாது. வீட்டுக்காரம்மாவே எழுப்பி அனுப்பிடும். நான் இதை ஏதோ பட்டாளத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கக் கூடாதாப்பா?

நேற்று சாக்கைத் தூக்கினேன். பதினஞ்சு வீடு, பதினஞ்சு டீ. வயிறு இன்னும் சரியாகவில்லை. ஒரு வீட்டில், “என்ன, டிப்ளமாவே நேர்ல வந்துட்டாரு, சுருங்கிடாம போங்க” என்று கிண்டல் வேறு.

அந்தக் கதையை ஊர் மறக்காது போல. நீங்க டீ குடிக்கும் பட்டாளத்து எனாமல் மக்கில் ஓட்டை விழுந்தபோது, அதே அளவில் ஒன்று செய்து தருகிறேன் என்று அளவெடுத்துச் செய்தேன். சுட்டால் களிமண் சுருங்கும் என்பது என் பீங்கான் டிப்ளமாவில் முதல் வருஷப் பாடம். அதை மறந்துபோய், வந்தது குட்டி மக்கு. “படிச்ச பையன் செஞ்சது, அளவா குடிக்கச் சொல்றான்” என்று கடைசிவரை அதிலேயே குடித்தீர்கள்.

இன்று காலை பதினாறு பேரும் அவரவர் கப்போடு வந்து நின்றோம். பதினேழாவதாக அம்மா. ஆமாம், “ஊருக்கெல்லாம் ஓடு மாத்துறாரு, நம்ம வூட்டு அடுப்படி ஒழுவுது” என்று வாராவாரம் திட்டிய அதே அம்மா. கையில் உங்க குட்டி மக்கு.

“நீ எதுக்கும்மா வந்த?” என்றேன், வழக்கம்போல் பட்டென்று.

“கப்பு வூட்டுல இருக்குது. வராம எப்படிடா இருக்கறது?”

பாய் தூக்குவாளியைத் திறந்து முதலில் அந்த மக்கில்தான் ஊற்றினார். பதினொன்றரைக்குக் கடைசி ஓடு ஏறியது. வாக்குச் சுத்தம்பா.

இனி நான் செய்யப்போவது:

1. டீக்கடை நோட்டீஸைக் கிழிப்பேன்.

2. நாளைக் காலை பள்ளிக்கூடம் போகிற தங்கச்சிக்குப் பின்னல் போடுவேன். கூடாரக் கயிறு முடிந்த கையால் நீங்க போட்ட பின்னல் சாயங்காலம்வரை அசையாது. என்னுடையது முதல் மணிக்கே அவிழும். பழகிக்கொள்வேன்.

3. அடுத்த ஞாயிறு நம்ம வீட்டு அடுப்படி. அம்மாவின் உத்தரவு.

4. அதற்கு முந்தின சாயங்காலம் பதினஞ்சு வீடும் முடித்துவிட்டு, நம்ம வாசலிலும் சைக்கிளை நிறுத்துவேன். குட்டி மக்கை அம்மா கையில் கொடுத்து, “காலையில ஆறு மணி” என்பேன்.

உங்க மூத்த பிள்ளை,
செல்வம்